கட்டாமல் போன தூண்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவனுக்கு ஊர் வந்து சேருவதற்கு முன்பே கோபுரம் வந்துவிடுகிறது. பதினொரு நிலைகள், 192 அடி உயரம். வடபத்ரசாயி கோயில் வாசலில் நிற்கும் இந்தக் கோபுரத்தில் ஒரு விசேஷம், சுதைப் பொம்மைகளின் நெரிசல் இல்லாதது. கட்டிடம் கட்டிடமாகவே கண்ணில் படுகிறது. அரசாங்கச் சின்னத்தில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஊரார் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். கட்டியவர் யார் என்று கேட்டால், பெரியாழ்வார் என்பார்கள். பாண்டியன் சபையில் வாதத்தில் வென்று பெற்ற பொற்கிழியைக் கொண்டு அவர் கட்டினார் என்பது ஊரின் நம்பிக்கை.

பொருள் கொடுத்தவரைக் கட்டியவர் என்று சொல்வது நமக்கு வழக்கம். நூல் பிடித்துக் கணக்குப் பார்த்த ஸ்தபதி யார், இதற்கு முன் அவன் எங்கே என்ன கட்டினான், அதில் எந்த இடத்தில் சறுக்கினான், சறுக்கியதிலிருந்து என்ன தெரிந்துகொண்டான் என்பதெல்லாம் நாம் கேட்டுப் பழகாத கேள்விகள். நாவலாசிரியனிடம் மட்டும் இவற்றைத் தயங்காமல் கேட்கிறோம். அவனுடைய முதல் நாவலைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டு, பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் விதை இதில் இருக்கிறதா என்று துருவுகிறோம். அவன் பெயர் அட்டையில் இருக்கிற பாவம்தான் காரணம்.

கட்டிடக் கலைஞன் ஒருவனை இப்படி விசாரிக்க வேண்டுமானால் அவன் முதலில் கட்டியதும் நிற்க வேண்டும், பின்னால் கட்டியதும் நிற்க வேண்டும், நடுவில் நடந்தது என்ன என்று அவனே எழுதியும் வைத்திருக்க வேண்டும். அப்படி அகப்படுகிறவர்கள் மிகவும் குறைவு. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் கிப்ஸ் ஒருவர். லண்டனில் 1714ல் அவர் கட்ட ஆரம்பித்த ஒரு மாதா கோயில்தான் அவர் வாழ்க்கையை ஒரு வழியில் திருப்பிவிட்டது. லண்டன் சமாசாரம் நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்க வேண்டாம். பொதிகை ரயிலில் ஏறி எழும்பூரில் இறங்கிய நம் ஊர்க்காரர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, கிப்ஸின் கைவரிசைக்குப் பக்கத்தில் போய்த்தான் இறங்கியிருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு அருகில் ஊசி போல் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் என்ற கோயிலைச் சொல்கிறேன். அதைக் கட்டியவர் வேறொருவர். அவரிடம் பிறகு வருகிறேன். அதன் உருவம் மட்டும் கிப்ஸின் புஸ்தகத்திலிருந்து கப்பலேறி வந்தது.

கிப்ஸ் 1682ல் அபர்டீன் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரியார் ஆவதற்காக ரோமாபுரிக்குப் போனார். அங்கே படிப்பு பிடிக்காமல், கார்லோ ஃபொன்டானா என்ற பெரிய கட்டிடக் கலைஞரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கட்டிடக்காரர்களில் இத்தாலியக் குருவிடம் நேரில் இருந்து தொழில் கற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊருக்குத் திரும்பியபோது கையில் வித்தை இருந்தது, வேலை இல்லை. லண்டனில் ஐம்பது புதிய கோயில்கள் கட்டுவதென்று 1711ல் பார்லிமென்ட் சட்டம் செய்து ஒரு கமிஷன் வைத்திருந்தது. ஐம்பதில் பன்னிரண்டுதான் கடைசியில் உருப்பட்டன. அது வேறு கதை. செல்வாக்குள்ள பிரபு ஒருவரின் சிபாரிசில் 1713ல் கிப்ஸ் அந்தக் கமிஷனில் ஒரு பதவியில் அமர்ந்தார். அடுத்த வருஷமே, ஸ்ட்ராண்ட் என்னும் ராஜபாட்டையின் நடுவே செயின்ட் மேரி கோயிலைக் கட்டும் வேலை கிடைத்தது. இத்தாலியிலிருந்து திரும்பிய பிறகு அவர் கட்டிய முதல் பொதுக் கட்டிடம் அது.

முதலில் போட்ட திட்டத்தில் அந்தக் கோயிலுக்குக் கோபுரமே கிடையாது. மேற்குப் பக்கத்தில், வாசலுக்கு நேர் எதிரே சற்றுத் தள்ளி, 250 அடி உயரத்தில் ஒரு தனித் தூண் எழுப்பி, அதன் உச்சியில் ஆன் ராணியின் வெண்கலச் சிலையை நிறுத்துவதாக ஏற்பாடு. கல்லெல்லாம் வந்து இறங்கிவிட்டது. 1714 ஆகஸ்டில் ராணி செத்துப் போனாள். செத்த ராணிக்குத் தூண் வைக்கப் புது அரசாங்கத்துக்கு என்ன அவசரம்? இறக்கிய கல்லை வீணாக்காமல் கோயிலுக்கு ஒரு கோபுரம் வைத்துவிடு என்று கமிஷன் உத்தரவு போட்டது.

கட்டிடம் அதற்குள் தரைக்கு மேல் இருபது அடி எழும்பியிருந்தது. கோபுரம் தாங்குவதற்கென்று கடைக்கால் தோண்டவில்லை. கோபுரம் நிற்கக் கிடைத்த இடம் கிழக்கு மேற்காகப் பதினான்கே அடி. நாலு பக்கமும் சமமாக இருக்க வேண்டிய கோபுரத்தை, வேறு வழியில்லாமல், வடக்கு தெற்காக நீட்டிவிட்டார் கிப்ஸ். இன்றைக்கும் மேற்கே நின்று பார்த்தால் அந்தக் கோபுரம் பருமனாகத் தெரியும். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் ஒல்லி. 1717ல் அதை முடித்தார்.

இதற்கு நடுவில் அவருடைய பதவியும் போயிற்று. புதிதாக அதிகாரத்துக்கு வந்த கட்சிக்கு, ஸ்காட்லாந்துக்காரன், கத்தோலிக்கன், பழைய கட்சியின் ஆள் என்று மூன்று விதத்திலும் கிப்ஸ் ஆகாதவர். தன் ஊர்க்காரன் ஒருவனே கோள் சொல்லிக் கெடுத்துவிட்டான் என்று அவர் நினைத்தார். ஆனால் தொடங்கிய கோயிலை முடிக்கும் பொறுப்பை மட்டும் அவரிடமே விட்டு வைத்தார்கள். உத்தியோகம் போன பிறகு, பிறர் மாற்றிய திட்டத்தை, கோபுரத்துக்கென்று போடாத கடைக்காலின் மேல் ஒரு மனிதன் எப்படிக் கட்டி முடித்தான் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, எழுத்துக்காரர்களாகிய நம்முடைய குறைகள் கொஞ்சம் சில்லறையாகத்தான் தோன்றுகின்றன.

ராணி செத்ததால்தான் கிப்ஸ் பெரிய ஆள் ஆனார் என்று சொல்லிவிடுவது சுலபம். சுவாரசியமாகவும் இருக்கும். நான் அதை ஒப்பவில்லை. விபத்து எல்லோருக்கும்தான் நேருகிறது. பத்திரிகை ஆசிரியர் கடைசி அத்தியாயத்தை மாற்றச் சொல்லாத தொடர்கதைக்காரன் உண்டா? மாற்றச் சொன்னதை மறைக்கப் பார்க்கிறவனும் உண்டு, அதையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்கிறவனும் உண்டு. கிப்ஸ் இரண்டாவது ரகம். 1728ல் தம் கட்டிடங்களின் படங்களை 150 தகடுகளாக அச்சிட்டுப் பெரிய புஸ்தகம் ஒன்று வெளியிட்டபோது, ராணி, தூண், கமிஷன், இருபது அடிச் சுவர் என்று நடந்ததையெல்லாம் எழுதி, கோபுரம் சதுரமாக இல்லாததற்குக் காரணம் இது என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்.

அந்த விபத்து அவரிடம் ஒரு வித்தையைக் கொடுத்தது. அவருக்கு முன்னால் ரென் என்ற மேதை லண்டனில் கட்டிய கோயில்களில் பெரும்பாலும் கோபுரம் தன் சொந்தக் காலில், தரையிலிருந்தே எழும்பி, கோயிலின் ஓரமாக நிற்கும். கோயில் உடம்பின் மேலேயே, வாசலுக்கு நேர் மேலே ஒரு கோபுரத்தை ஏற்றி நிற்க வைக்க முடியும் என்பதைக் கிப்ஸ் செயின்ட் மேரியில் நிர்ப்பந்தத்தால் கற்றார். அதைப் பார்த்துவிட்டுத்தான் போலும், அதே தெருவில் சற்றுக் கிழக்கே ரென் கட்டியிருந்த செயின்ட் கிளமென்ட் கோயிலின் கோபுரத்தை உயர்த்தும் வேலையும் 1719ல் அவரிடம் வந்தது. கோபுரக்காரர் என்று பெயர் வந்துவிட்டால் அந்த வேலைதான் தேடி வரும். பிறகு வந்தது 1722லிருந்து 1726 வரை கட்டிய செயின்ட் மார்ட்டின் கோயில்.

செயின்ட் மார்ட்டின்தான் உலகம் அறிந்த கிப்ஸ். முன்னால் ரோமாபுரிக் கோயில் மாதிரி பெரிய தூண் மண்டபம். அதன் முக்கோண முகப்புக்குப் பின்னால் கூரையைப் பிளந்துகொண்டு எழும்பும் ஊசிக் கோபுரம். அதன் உயரமும் 192 அடி என்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். இந்த அமைப்பை அமெரிக்காவில் காப்பியடித்தார்கள், கல்கத்தாவில் காப்பியடித்தார்கள், சென்னையில் காப்பியடித்தார்கள். இங்கிலீஷ்காரனின் கோயில் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று இருநூறு வருஷம் உலகம் நம்பியது.

இவ்வளவு பேரும் கொண்டாடிய செயின்ட் மார்ட்டின் என் கண்ணுக்குச் செயின்ட் மேரியைவிடக் குறைவாகத்தான் படுகிறது. கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணின் கோளாறு என்று யாராவது சொன்னாலும் பாதகமில்லை. நம் ராஜகோபுரத்துக்குக் கால் இருக்கிறது. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். அகலமான அடியிலிருந்து ஒவ்வொரு நிலையாகச் சுருங்கிக்கொண்டே போய், பாரத்தைக் குறைத்துக்கொண்டே ஏறுகிறது. அந்தக் காலுக்கு நடுவில் வாசலைத் துளைத்து, அதன் வழியாகத்தான் நம்மை உள்ளே விடுகிறார்கள். பாரம் முழுவதும் நம் தலைக்கு மேல் இருக்கிறது என்ற உணர்வோடு நுழைகிறோம். செயின்ட் மார்ட்டினில் கோபுரத்தின் கால் மண்டபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுவிட்டது. தலை மட்டும் கூரைக்கு மேல் தெரிகிறது. எங்கள் பக்கத்துக் கொத்தனார் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது எங்க நிக்குது, அண்ணாச்சி? கூரை மேலயா?” என்று கேட்டார். இங்கிலாந்திலும் விமரிசகர்கள் பலர் இதையேதான் கேட்டிருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் நீட்டி முழக்கி.

கட்டிட சாஸ்திரப்படி செயின்ட் மார்ட்டினில் தவறில்லை. கோபுரத்துக்கு வேண்டிய சுவரும் கடைக்காலும் இந்தத் தடவை முதலிலேயே போட்டிருந்தார்கள். ஆனால் நிற்பது வேறு, நிற்பதாகத் தெரிவது வேறு. செயின்ட் மேரியில் அரைவட்டமான சின்னத் தாழ்வாரம், அதற்கு மேல் முகப்பு, அதற்கு மேல் கோபுரம் என்று வாசலிலிருந்து உச்சி வரை கண் ஓரிடத்திலும் தடுக்காமல் ஏறுகிறது. இடம் போதாத இடத்தில் நிற்கும் கோபுரம் ஆகையால், அது எப்படி நிற்கிறது என்பதைத் தன் உடம்பிலேயே காட்ட வேண்டியிருந்தது. அந்த நிர்ப்பந்தம் செயின்ட் மார்ட்டினில் இல்லை. அங்கே கோபுரம் ஓர் அலங்காரமாகிவிட்டது. வேண்டுமானால் கழற்றி வேறொன்றை மாட்டலாம்.

மாட்டவும் செய்தார்கள். இது என் கற்பனை அல்ல. தம் புஸ்தகத்தில் கிப்ஸ் செயின்ட் மார்ட்டினுக்காக வரைந்து பார்த்துத் தள்ளிய கோபுரங்களையும், கடையில் புடைவைகளை விரித்துப் போடுவதுபோல், வரிசையாக அச்சிட்டு வைத்தார். அமெரிக்காவில் பிராவிடன்ஸ் என்ற ஊரில் 1775ல் பாப்டிஸ்ட் சபையார் அந்தத் தள்ளுபடிக் கோபுரங்களில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, மரத்தால் கட்டித் தங்கள் கோயிலுக்கு வைத்துக்கொண்டார்கள். உதவிக்கு ஆள் கிடைக்காத தூர இடங்களில் கட்டிடம் கட்டுகிற கனவான்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதைப் போடுகிறேன் என்று கிப்ஸே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். நல்ல மனசுதான். ஆனால் முதல் கோயிலில் உயிர்ப் பிரச்னையாக இருந்தது, பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் ஒரு மாதிரிப் புஸ்தகத்தின் பக்கமாகிவிட்டதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது. ஒரு நாவல் ஓடிவிட்டால் அந்த நாவலையே ஆயுள் முழுவதும் எழுதிக்கொண்டிருப்பவர்களை நாம் அறிவோம்.

கிப்ஸை அந்த வரிசையில் சேர்த்துவிட முடியாமல் தடுக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. செயின்ட் மார்ட்டினுக்கு அவர் முதலில் போட்ட திட்டம் வேறு. வட்டமான கோயில், சுற்றிலும் தூண்கள், மேலே கும்மட்டம். நிர்வாகத்தார் அதைப் பார்த்தார்கள், செலவு அதிகம் என்றார்கள், தள்ளிவிட்டார்கள். கிப்ஸ் மடக்கிச் சதுரமாக்கிக் கொடுத்தார். ஆனால் வட்டத்தை அவர் விடவில்லை. அதையும் 1728 புஸ்தகத்தில் போட்டு வைத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப் நூலகத்தை வட்டமாகவே, கும்மட்டத்தோடு, 1737லிருந்து 1749 வரை கட்டி முடித்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. கோயிலுக்குக் கிடைக்காத வட்டம் புஸ்தக சாலைக்குக் கிடைத்தது. அவர் 1754ல் இறந்து போனார். வட்டக் கோயில் காகிதத்திலேயே தங்கிவிட்டது.

அதை எடுத்துக் கட்டியவர்தான் எழும்பூர்க் கோயிலின் தாமஸ் டி ஹாவில்லண்ட். கெர்ன்ஸி தீவுக்காரர், கம்பெனியின் சென்னை ராணுவத்தில் எஞ்சினீயர். இவர் கதையும் ஏறக்குறைய கிப்ஸ் கதையாகவே இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்குக் குறுக்கே அகலமான தட்டை வளைவுகளால் பாலம் கட்டலாம் என்று இவர் சொன்னபோது நடக்காத காரியம் என்றார்கள். தம் வீட்டுத் தோட்டத்திலேயே நூறு அடிக்கு மேல் அகலமுள்ள ஒற்றைச் செங்கல் வளைவைக் கட்டிக் காட்டினார். பாலம் கட்ட விடவில்லை. தோட்டத்து வளைவு மட்டும் 1937 வரை நின்றுவிட்டுத்தான் விழுந்தது. 1809ல் சென்னை ராணுவ அதிகாரிகள் அரசாங்கத்தோடு மோதிய கலகத்தில் இவருடைய உத்தியோகமும் போயிற்று. 1812ல் திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய வேலை, செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலைக் கட்டும் மேற்பார்வை. அந்த வரைபடம் இவருடைய மேலதிகாரி கால்ட்வெல் போட்டது. முகமண்டபம், ஊசிக் கோபுரம் எல்லாம் கிப்ஸ் பாணி. இன்னொருவருடைய வரைபடத்தைக் கல்லும் காரையுமாக்கிப் பழகினவருக்கு, இரண்டு வருஷம் கழித்து, ஸ்காட்லாந்துச் சபையாருக்காகச் சொந்தமாகவே ஒரு கோயில் கட்டும் வாய்ப்பு வந்தது. 1818 ஏப்ரலில் அஸ்திவாரக் கல் வைத்தார்கள். 1821 பிப்ரவரியில் கோயில் திறந்தது.

கிப்ஸின் புஸ்தகத்தில் எல்லோரும் பார்த்த பக்கத்தை விட்டுவிட்டு, நிர்வாகத்தார் தள்ளிய பக்கத்தை டி ஹாவில்லண்ட் எடுத்தார். அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். எழும்பூர் மண்ணோ பொதபொதவென்ற மண். கூவம் பக்கத்திலேயே ஓடுகிறது. சாதாரணக் கடைக்கால் நிற்காது. இந்த நாட்டில் வெகுகாலமாகப் பழகிய முறைப்படி, பதினான்கு அடியிலிருந்து ஐம்பது அடி ஆழம் வரை சுமார் 150 கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் கோயிலை உட்கார வைத்தார். கட்டிடத்தின் தலை லண்டன் புஸ்தகத்திலிருந்து வந்தது. கால் நம் ஊர்க் கிணற்று வேலை. அந்தக் கிணறுகளில் இறங்கி மண் அள்ளியவர்களின் பெயர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்தபதியின் பெயரைப் போலவே, நமக்குத் தெரியாது. கடைக்கால் இல்லாத கோபுரத்தில் தொடங்கிய ஒரு கலைஞனின் கனவு, நூறு வருஷம் கழித்து, இவ்வளவு அபாரமான கடைக்காலின் மேல் வந்து உட்கார்ந்ததை ஒரு நாவலில் எழுதினால், ஆசிரியர் இட்டுக்கட்டுகிறார் என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள்.

கோயில் எப்படி இருக்கிறது? உள்ளே மிக நன்றாக இருக்கிறது. வெண்மையாகப் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சில் பதினாறு தூண்கள் வட்டமாக நிற்கின்றன. அவற்றின் மேல் ஐம்பது அடிக்குச் சற்று அதிகமான அகலத்தில் கும்மட்டம். உட்புறம் நீலம், அதில் தங்க நட்சத்திரங்கள். ஸ்காட்லாந்துச் சபையில் பிரசங்கம்தான் பிரதானம். பேசுகிறவரைச் சுற்றி எல்லோரும் உட்கார வேண்டும். ஒருவருக்கும் பின்வரிசை என்ற குறை வரக் கூடாது. வட்டம் அதற்கென்றே பிறந்த வடிவம். லண்டனில் அதைத் தள்ளிய நிர்வாகத்தார் எதை இழந்தார்கள் என்பது இங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

வெளியே வந்தால் அவ்வளவு திருப்தி இல்லை. முன்னால் மண்டபம், அதன் மேல் 166 அடி ஊசி, பின்னால் வட்டம் என்று மூன்றும் ஒன்றையொன்று தெரியாதவர்கள் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நிற்கின்றன. முகப்பைப் பார்க்கிறவனுக்கு உள்ளே ஒரு வட்டம் இருப்பதே தெரியாது. இது டி ஹாவில்லண்டின் குறை அல்ல. கிப்ஸின் படத்திலேயே இருக்கும் குறை. வட்டக் கோயிலுக்கும் அவர் மண்டபத்தையும் ஊசியையும் ஒட்டித்தான் வரைந்திருந்தார். ஓடிய சரக்கை விட அவருக்கும் மனம் வரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஊசி கேட்பவர்கள் இல்லை; அதனால்தான் அந்த வட்டம் வெளியிலிருந்தும் வட்டமாகத் தெரிகிறது.

டி ஹாவில்லண்ட் நாலைந்து வருஷத்தில் உத்தியோகத்தை விட்டுத் தம் தீவுக்குப் போய்விட்டார். 1866 வரை உயிரோடு இருந்தார்.

செயின்ட் மேரியைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. ராஜபாட்டையின் இரைச்சல் உள்ளே வரக் கூடாதென்று கிப்ஸ் அந்தக் கோயிலின் கீழ்ச் சுவரில் ஜன்னலே வைக்கவில்லை; வெறும் மாடங்களை மட்டும் குடைந்து, வெளிச்சத்தை மேல் வரிசையிலிருந்து இறக்கினார். அன்றைக்கு இரைச்சல் என்றால் குதிரை வண்டி. பிறகு மோட்டாரும் பஸ்ஸும் வந்து, இரண்டு பக்கமும் வண்டி ஓட, கோயில் வெகுகாலம் ஆற்று நடுத் திட்டு மாதிரி நின்றது. 2022ல் அந்த இடத்தில் வண்டிகளை நிறுத்தி, தெருவை நடந்து போகிறவர்களுக்கு விட்டுவிட்டார்கள். தூண் வருவதாக இருந்த மேற்குப் பக்கத்தில் இப்போது நிதானமாக நின்று, கோபுரத்தின் பருமனை நேரே பார்த்துவிட்டு, நாலு அடி பக்கவாட்டில் நடந்து அதன் ஒல்லியையும் பார்க்கலாம்.